அடுக்களைக்கு அளவெடுத்த அம்மையார்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

அரண்மனைகளையும் அணைகளையும் கட்டியவர்களின் பெயர்களை வரலாறு மறவாமல் எழுதி வைத்திருக்கிறது. கோட்டை கட்டிய மன்னனுக்குக் கல்வெட்டு உண்டு. பாலம் கட்டிய பொறியாளருக்குச் சிலை உண்டு. ஆனால் மூன்று வேளையும் நாம் நம்பி வாழும் அடுக்களையைத் திட்டமிட்டவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடம் ஒதுக்கிய பிறகு எஞ்சும் மூலைதானே பல வீடுகளில் அடுக்களை! அந்த மூலையை ஓர் ஆய்வுக்கூடத்தைப் போல மதித்து, அலமாரியின் உயரம் முதல் அதன்மேல் பூசும் வண்ணம் வரை ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்ட பெண்மணி ஒருவர் ஐரோப்பாவில் வாழ்ந்தார். அவர்தாம் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி அம்மையார். அவருடைய வாழ்க்கையை இம்மலர் வாயிலாக நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறேன்.

கட்டடக் கலைஞர் ஒருவரின் வரலாற்றை வேதியியல் மாணவி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். எந்த மரத்தில் மாவை வைப்பது, எந்த உலோகத்தில் சர்க்கரையை வைப்பது, எந்தப் பலகையில் காய் நறுக்குவது என்பவை எல்லாம் பொருள்களின் குணமறிந்து விடை காண வேண்டிய வினாக்கள். அவ்வகையில் இது எங்கள் துறைக்கும் உரிய கதையே. வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இளமையும் கல்வியும்

மார்கரெட்டே லிஹோட்ஸ்கி 1897ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23ஆம் நாள் வியன்னா மாநகரில் பிறந்தார். அவர் பிறந்த பகுதியின் பெயரும் மார்கரெட்டன் என்பதே. தந்தை அரசு அலுவலர், போரை வெறுத்தவர், முற்போக்கு எண்ணம் கொண்டவர். வியன்னா அப்போது ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசின் தலைநகராக விளங்கியது. இசைக்கும் ஓவியத்துக்கும் பேர்போன நகரம் அது. ஆயினும் அதே நகரின் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பமே நெருக்கியடித்து வாழ்ந்தது. தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள் இராது. நடைக்கூடத்தில் பல வீடுகளுக்கும் பொதுவாக ஒன்று இருக்கும். வாடகை கட்ட இயலாதவர்கள், தாங்கள் வேலைக்குச் செல்லும் நேரத்தில் தங்கள் கட்டிலை இன்னொருவருக்கு உறங்க வாடகைக்கு விட்ட கொடுமையும் அங்கு நடந்தது.

1915இல் மார்கரெட்டே வியன்னாக் கைவினைக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்குக் கட்டடக் கலை பயின்ற முதல் பெண் அவரே. அவரைச் சேர்ப்பதற்காக அவர் தாயார், தெரிந்தவர் ஒருவர் மூலம் புகழ்பெற்ற ஓவியர் குஸ்தாவ் கிளிம்டிடமிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றார் என்று சொல்வார்கள். பெண் ஒருத்தியை நம்பி யார் வீடு கட்டச் சொல்வார்கள் என்பதே அன்றைய பொது எண்ணம். அவ்வெண்ணத்தை வாதத்தால் வெல்ல அவர் முயலவில்லை, வேலையால் வென்றார்.

அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஆஸ்கார் ஸ்ட்ர்நாட். தொழிலாளர் குடியிருப்புக்கான வடிவமைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொள்ள மாணவி விரும்பியபோது ஆசிரியர் ஓர் அறிவுரை சொன்னார். கோடு கிழிக்குமுன் தொழிலாளர் வாழும் பகுதிகளுக்குப் போய், அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரவேண்டும் என்பதே அது. மாணவி சென்றார், பார்த்தார், உள்ளம் நொந்தார். 1917இல் அத்துறையில் பரிசும் பெற்றார். பரிசைவிடப் பெரியது அவர் அங்குக் கற்ற பாடம். வாழ்பவரைப் பாராமல் வாழுமிடத்தை வரையக்கூடாது என்னும் அப்பாடத்தை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

போருக்குப் பின்

1918இல் முதல் உலகப் போர் முடிந்தது; பேரரசும் சரிந்தது; குடியரசு மலர்ந்தது. ஆனால் பசியும் குளிரும் வீடின்மையும் மக்களை வாட்டின. வியன்னாவின் புறநகரில் ஏழை மக்கள் தாங்களே நிலத்தைத் திருத்தி, காய்கறி பயிரிட்டு, குடிசை போட்டுக் குடியேறத் தொடங்கினர். அவர்களுக்கு முறையான வீடுகள் அமைத்துத் தரும் பணியில் அடால்ஃப் லோஸ் என்னும் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஈடுபட்டிருந்தார். அவரோடு இளம் மார்கரெட்டேயும் இணைந்து உழைத்தார். குறைந்த பணத்தில் நிறைந்த வசதி என்பதே அங்கு எழுந்த கேள்வி. ஒவ்வொரு சதுர அடியும் கணக்குக் கேட்டது. அந்நாளிலேயே அவர் சிறு வீடுகளுக்கான சமையல் பகுதியைத் தனியே ஆராயத் தொடங்கிவிட்டார்.

இந்நிலையில் காசநோய் அவர் குடும்பத்தைத் தாக்கியது. தாயும் தந்தையும் அடுத்தடுத்து மறைந்தனர். 1924இல் அவரும் அந்நோய்க்கு ஆளாகி மருத்துவ இல்லத்தில் தங்க நேர்ந்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத வீடு மனிதனை என்ன செய்யும் என்பதை இனி எவரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நோயிலிருந்து மீண்டு எழுந்தார்.

பிராங்க்பர்ட்டின் அழைப்பு

1926இல் செருமனியின் பிராங்க்பர்ட் நகரிலிருந்து அழைப்பு வந்தது. அந்நகரின் கட்டடத் துறைத் தலைவர் எர்ன்ஸ்ட் மை, வீடற்ற மக்களுக்காகப் பல்லாயிரம் வீடுகளைக் குறுகிய காலத்தில் கட்டி முடிக்கத் திட்டமிட்டிருந்தார். புதிய பிராங்க்பர்ட் என்பது அத்திட்டத்தின் பெயர். பிரௌன்ஹைம், ரோமர்ஸ்டாட் முதலிய குடியிருப்புகள் அதன் பயனாக எழுந்தவை. அத்தனை வீடுகளுக்கும் உரிய அடுக்களையை வடிவமைக்கும் பணி, இன்னும் முப்பது வயது நிறையாத இப்பெண்ணிடம் வந்து சேர்ந்தது.

அதற்கு முன்பே அமெரிக்காவில் டெய்லர் என்னும் பொறியாளர் ஆலைத் தொழிலாளரின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து, வீண் அசைவுகளைக் களைந்து காட்டியிருந்தார். அம்முறையைக் கிறிஸ்டின் பிரெடரிக் என்னும் அமெரிக்கப் பெண்மணி வீட்டு வேலைக்குப் பொருத்திக் காட்டி நூல் எழுதினார். அது செருமன் மொழியிலும் வெளிவந்தது. அதைப் படித்த மார்கரெட்டேயின் மனத்தில் பொறி தட்டியது. ஆலையில் அளக்கிறார்கள், அலுவலகத்தில் அளக்கிறார்கள், வீட்டில் ஒரு பெண் நாளெல்லாம் நடக்கும் நடையை ஏன் எவரும் அளக்கவில்லை? அவர் அளந்தார். அடுப்புக்கும் தொட்டிக்கும் எத்தனை அடி, தொட்டிக்கும் அலமாரிக்கும் எத்தனை அடி, குனிவது எத்தனை முறை, எட்டி எடுப்பது எத்தனை முறை என்று கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கெடுத்தார்.

இன்னொரு முன்மாதிரியும் அவருக்குக் கிடைத்தது. ஓடும் புகைவண்டியின் உணவுப் பெட்டியில், ஆள் திரும்பவே இடமில்லாத சிறு அறையில், நூற்றுக்கணக்கான பயணிகளுக்குச் சமைத்துப் பரிமாறுகிறார்களே, அது எப்படி? எல்லாப் பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தானே! அவ்வுண்மையை அவர் வீட்டுக்குள் கொண்டு வந்தார்.

அளவறிந்த அடுக்களை

அவர் வகுத்த அடுக்களையின் அளவு 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நம் கணக்கில் ஆறேகால் அடிக்குப் பதினோரு அடி. கேட்கும்போது இவ்வளவு சிறியதா என்று தோன்றும். ஆனால் உள்ளே புகுந்து பார்த்தால் ஒவ்வோர் அங்குலமும் உழைப்பது தெரியும்.

சன்னலுக்கு நேரே காய் நறுக்கும் மேடை. வெளிச்சம் இயற்கையாகவே மேடைமேல் விழும். அதன்முன் சுழலும் முக்காலி. உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம். மேடையில் ஒரு குப்பைத் தட்டு. நறுக்கிய தோலையும் காம்பையும் கையால் அதில் தள்ளிவிட்டு, நிரம்பியபின் அப்படியே உருவி எடுத்துக் கொட்டலாம். அருகே பாத்திரம் கழுவும் தொட்டி; அதனருகே கழுவியவை நீர் வடியும் சட்டம். துணியால் துடைத்து அடுக்கும் வேலை மிச்சம். சுவரில் மடித்து வைக்கும் இஸ்திரிப் பலகை, வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம். கூரையில் ஒரு தண்டவாளம்; அதில் மின்விளக்கை வேலை நடக்கும் இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். பாதி வெந்த உணவை உள்ளே வைத்தால் தன் சூட்டிலேயே முழுதும் வேகும்படி வெப்பம் காக்கும் பெட்டியும் இருந்தது. காலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகும் பெண் மாலையில் வந்து சூடாக எடுத்துப் பரிமாறலாம்.

அலமாரிகளைக் கால் வைத்து நிறுத்தாமல், சற்று உள்வாங்கிய பீடத்தின்மேல் அமைத்தார். நிற்பவரின் பாதம் புகுவதற்கு இடம் கிடைத்தது. அலமாரிக்கு அடியில் குப்பை சேரும் வழியும் அடைபட்டது. அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே நகர்த்தும் கதவு. அதைத் திறந்து வைத்தால் அடுப்படியில் நிற்கும் தாய், கூடத்தில் விளையாடும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். சாப்பாட்டு மேசைக்கும் அடுப்புக்கும் இடையே நடை மிகவும் குறைந்தது.

மரமும் உலோகமும் வண்ணமும்

இனி என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகிறேன். அலமாரிகளுக்கும் பெட்டிகளுக்கும் உரிய பொருளை அம்மையார் தேர்ந்த முறை அது. அழகு கருதி மட்டும் அவர் எதையும் தேர்ந்தாரில்லை.

மாவு வைக்கும் பெட்டியை ஓக் மரத்தால் செய்யச் சொன்னார். ஓக் மரத்தில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உண்டு. நம் கடுக்காயில் இருப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. புரதத்தோடு இறுகப் பிணையும் குணம் உடையதால்தான் அதைத் தோல் பதனிடப் பயன்படுத்துகிறார்கள். இத்துவர்ப்பு மாவுப் புழுவை அண்ட விடாது என்பது ஓக்கைத் தேர்ந்ததற்குக் காரணம். காய் நறுக்கும் மேடைக்குப் பீச் மரத்தைத் தேர்ந்தார். அது நெருக்கமான இழையுடைய வன்மரம். கத்தியின் வெட்டையும் காய்களின் கறையையும் தாங்கும். ஒரே அறையில் இரண்டடி இடைவெளியில் இரண்டு வேறு மரங்கள்! தச்சருக்குத் தொல்லைதான். ஆனால் மாவுக்கு ஒரு தேவை, கத்திக்கு வேறு தேவை என்னும்போது ஒரே மரம் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்?

அரிசி, சர்க்கரை, பருப்பு போன்றவற்றுக்கு அலுமினியப் பெட்டிகள். அலமாரியில் வரிசை வரிசையாகச் செருகி வைக்கும் இவற்றின் முன்புறம் கைப்பிடியும், பின்புறம் கொட்டுவதற்கேற்ற குறுகிய வாயும் இருந்தன. உருவி எடுத்து நேரே பாத்திரத்தில் சாய்க்கலாம். கரண்டி தேட வேண்டாம். ஒவ்வொன்றின்மேலும் உள்ளிருக்கும் பொருளின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அலுமினியம் எடை குறைந்தது. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் உருவாகி, மேலும் அரிக்காமல் காக்கிறது. முதலாண்டில் வாய்பாடாக நாம் மனப்பாடம் செய்த பாடம் அங்கே ஒரு பெட்டியாக நின்று பணி செய்திருக்கிறது.

அலமாரிகளின் மேற்பூச்சுக்குப் பசுமை கலந்த நீல வண்ணத்தைத் தேர்ந்தார். கண்ணுக்குக் குளிர்ச்சி என்பதற்காக மட்டும் அன்று. நீல நிறத்தில் ஈக்கள் உட்கார விரும்புவதில்லை என்று அந்நகரின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருதினார்கள். அக்கருத்தைக் கேட்டு அம்மையார் அலமாரிக்கு வண்ணம் பூசினார். வண்ணத்துக்கும் ஒரு வேலை உண்டு என்று எண்ணியவர் அவர்.

இவ்வாறு அமைந்த அடுக்களை, பிராங்க்பர்ட் அடுக்களை என்று பெயர் பெற்றது. ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. தொழிற்சாலையில் ஒன்றுபோல் செய்து வீட்டில் கொண்டு வந்து பொருத்தியதால் விலை குறைந்தது. அச்செலவும் வீட்டு வாடகையோடு சேர்ந்ததால், குடியேறியவர் தனியே அலமாரி வாங்க வேண்டிய தேவை எழவில்லை. இன்று நம் ஊர்க் கடைகளில் மாடுலர் கிச்சன் என்று கண்ணாடிக்குள் வைத்து விற்கிறார்களே, அதன் முன்னோர்களுள் முதன்மையானது இதுவே.

நான் இதை எழுதக் காரணம்

முன்பு சொல்லாமல் விட்ட காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். சென்ற கோடையில் எங்கள் வீட்டு அடுக்களையைத் திருத்திக் கட்டினோம். மேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கொத்தனார் என் அப்பாவிடம் கேட்டார். கேட்ட கொத்தனாரிடம் தவறில்லை, அதுதான் வழக்கம். இந்த அம்மையாரைப் பற்றி நூலகத்தில் படித்திருந்த நான் அம்மாவை அழைத்து நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து நூல் பிடித்து அளந்தேன். அம்மாவுக்கு வெட்கம், ஆனால் அளவைக் கொத்தனாரிடம் அவரே சொன்னார். முழங்கைக்கு நாலு விரல் கீழே மேடை அமைந்தது.

மேடைக்குக் கடப்பாக் கல்லா, கிரானைட்டா என்ற பேச்சு எழுந்தது. கடப்பாக் கல் விலை குறைவு. ஆனால் அது சுண்ணாம்புக் கல் இனம். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலமும் புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலமும் நாளடைவில் அதன் மெருகைத் தின்றுவிடும். கிரானைட்டை அவ்வமிலங்கள் எளிதில் தொடா. அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு முழம் மட்டும் கிரானைட், மற்ற இடமெல்லாம் கடப்பா என்று அம்மா முடிவு செய்தார். மாவுக்கு ஓக், கத்திக்குப் பீச் என்று அந்த அம்மையார் பிரித்த அதே அறிவு, பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் தாயிடமும் இருப்பதை அன்று கண்டேன். கேட்டால் சொல்வார்கள், நாம் கேட்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். நான் படிக்கும் மணிநேரங்கள் வானத்திலிருந்து விழவில்லை. அம்மா தம் நாளிலிருந்து எடுத்துக் கொடுத்தவை அவை. ஆகவே ஒரு பெண்ணின் நடையில் பத்தடி மிச்சமாவதைச் சிறிய செய்தி என்று என்னால் கருத முடியவில்லை.

குறை கூறியோர்

பிராங்க்பர்ட் அடுக்களையை எல்லாரும் வரவேற்றார்கள் என்று சொன்னால் அது உண்மையாகாது. குடியேறிய மக்கள் பலர் முணுமுணுத்தனர். பழைய அலமாரியையும் மேசையையும் உள்ளே கொண்டுவர இடமில்லை. குடும்பத்தோடு அடுப்படியில் அமர்ந்து உண்டு பேசிப் பழகியவர்களுக்கு அச்சிறு அறை ஒட்டவில்லை. ஒருவர் நின்றால் மற்றவர் நுழைய முடியாது. அலுமினியப் பெட்டிகள் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தன என்பதும் ஒரு குறை.

1970களில் பெண்ணுரிமை பேசிய சிலர் இன்னும் கடுமையான குறையைச் சொன்னார்கள். பெண்ணைத் தனியே ஓர் அறைக்குள் நிறுத்தி, அடுக்களை அவளுக்கே உரியது என்று முத்திரை குத்திவிட்டது இவ்வடுக்களை என்றார்கள். இக்குற்றச்சாட்டை எளிதில் தள்ள முடியாது. ஒருவர் மட்டுமே நிற்கும் அறை கட்டினால் அந்த ஒருவர் யார் என்பது அன்றைய சமுதாயத்தில் முன்பே முடிவானதுதானே!

ஆனால் அம்மையாரின் நோக்கத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண் வீட்டு வேலையால் நசுங்கக்கூடாது. மிச்சமாகும் நேரம் அவளுக்கே சேர வேண்டும் என்று அவர் விரும்பினார். அதே பிராங்க்பர்ட்டில் அவர் தனியே வாழும் பணிபுரியும் பெண்களுக்கான வீடுகளையும், பொதுச் சலவைக் கூடங்களையும், குழந்தைகள் பள்ளியையும் வடிவமைத்தார். இத்தனைக்கும் இந்த அடுக்களையை வரைந்த காலம்வரை தாம் குடும்பம் நடத்திச் சமைத்ததே இல்லை என்று அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பெண் என்பதால் அடுக்களையை அறிந்தவர் என்று ஊர் எண்ணியது. அவரோ கட்டடக் கலைஞர் என்பதால் அதை ஆராய்ந்தார். என் எண்ணத்தைச் சொல்வதானால், குறை அலமாரியில் இல்லை. அந்த நகர்த்தும் கதவைத் தாண்டி ஆண்கள் உள்ளே வராததில்தான் இருக்கிறது. அதை எந்தத் தச்சராலும் திருத்த முடியாது.

நாடு கடந்து சென்றார்

1927இல் அவர் உடன் பணியாற்றிய வில்ஹெல்ம் ஷூட்டே என்னும் கட்டடக் கலைஞரை மணந்தார். 1930இல் எர்ன்ஸ்ட் மை தம் குழுவினரோடு சோவியத் நாட்டுக்குச் சென்றபோது இவ்விருவரும் சென்றனர். மக்னிடோகோர்ஸ்க் போன்ற புதிய தொழில் நகரங்கள் அங்கு எழுந்துகொண்டிருந்தன. அம்மையார் குழந்தைகள் காப்பகங்களையும் மழலையர் பள்ளிகளையும் அவற்றுக்கான மேசை நாற்காலிகளையும் வடிவமைத்தார். அடுக்களையில் பெண்ணின் உயரத்தை அளந்த கை, இங்கே குழந்தையின் உயரத்தை அளந்தது.

1937இல் சோவியத் நாட்டைவிட்டு வெளியேறி, 1938இல் துருக்கியின் இஸ்தான்புல் நகருக்குச் சென்றார். செருமனியிலிருந்து வெளியேறி அங்கு வாழ்ந்த புரூனோ டாவ்ட் என்னும் கட்டடக் கலைஞரின் அழைப்பே அதற்குக் காரணம். அங்கு நுண்கலைக் கழகத்தில் பணியாற்றினார். ஊர்ப்புறப் பள்ளிகளுக்கான திட்டங்களையும் வரைந்தார். அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே அவருடைய தாய்நாடு இட்லரின் பிடிக்குள் போய்விட்டிருந்தது.

சிறையும் விடுதலையும்

இஸ்தான்புல்லில் அவர் பாதுகாப்பாக வாழ்ந்திருக்கலாம். வேலை இருந்தது, வருவாய் இருந்தது, போர் அந்நாட்டை எட்டவில்லை. ஆனால் ஹெர்பர்ட் ஐக்ஹோல்ட்சர் என்னும் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞரை அவர் அங்குச் சந்தித்தார். இட்லர் ஆட்சியை எதிர்த்து மறைவாகப் போராடிய பொதுவுடைமையாளர் அவர். அம்மையாரும் அவ்வியக்கத்தில் இணைந்தார். 1940 திசம்பரில், வியன்னாவிலுள்ள தோழர்களோடு தொடர்பு கொள்ளும் பொருட்டு, புலியின் குகைக்குள் தாமே நடந்து சென்றார்.

ஒரு மாதம்கூடக் கடந்திருக்குமோ என்னவோ, 1941 சனவரி 22ஆம் நாள் இட்லரின் காவலர்கள் அவரைக் கைது செய்தனர். மறுநாள் அவருக்கு 44ஆம் பிறந்த நாள். அடுத்த ஆண்டு நடந்த வழக்கில் மரண தண்டனை கேட்கப்பட்டது. பதினைந்து ஆண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. ஐக்ஹோல்ட்சருக்கு அந்தக் கருணையும் கிட்டவில்லை; 1943இல் அவர் கொல்லப்பட்டார். அம்மையார் பவேரியாவிலுள்ள ஐக்ஹாக் சிறையில் அடைக்கப்பட்டார். 1945 ஏப்ரல் 29ஆம் நாள் அமெரிக்கப் படையினர் வந்து சிறைக்கதவைத் திறந்தனர். நான்கு ஆண்டுகளுக்கு மேல் தம்மை அடைத்து வைத்த சுவர்களைத் தாண்டி அவர் வெளியே வந்தார்.

புறக்கணிப்பும் புகழும்

போருக்குப்பின் சிறிது காலம் பல்கேரியாவில் பணியாற்றிவிட்டு, 1947இல் வியன்னா திரும்பினார். குண்டுகளால் சிதைந்த நகரம் அது. கட்டடக் கலைஞர்கள் தேவைப்பட்ட காலம். ஆயினும் அவருக்கு வேலை கிடைப்பது அரிதாயிற்று. அவர் பொதுவுடைமைக் கட்சியை விடவில்லை. உலகமோ இரு முகாம்களாகப் பிரிந்து நின்றது. அரசுப் பணிகள் அவரைத் தேடி வரவில்லை. கொடுங்கோலனை எதிர்த்துச் சிறை சென்றவருக்குத் தாய்நாடு அளித்த கைம்மாறு இதுதான்! ஆனாலும் அவர் ஓய்ந்தாரில்லை. சீனா, கியூபா முதலிய நாடுகள் குழந்தைகளுக்கான கட்டடங்கள் குறித்து அவர் அறிவுரையைப் பெற்றன. 1985இல் தம் போராட்டக் கால நினைவுகளை நூலாக வெளியிட்டார்.

காலம் மெல்ல மாறியது. 1980இல் வியன்னா நகரம் கட்டடக் கலைக்கான பரிசை வழங்கியது. 1988இல் ஆஸ்திரிய அரசு உயரிய விருதொன்றை அளிக்க முன்வந்தது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த குர்ட் வால்ட்ஹைம், இட்லரின் படையில் தாம் பணியாற்றிய காலத்து உண்மைகளை மறைத்தார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகியிருந்தார். அவர் கையால் அவ்விருதைப் பெற அம்மையார் மறுத்துவிட்டார். வால்ட்ஹைம் பதவி நீங்கிய 1992இல்தான் அதனை ஏற்றார். தொண்ணூறு வயதுக்கு மேலும் முதுகெலும்பு வளையவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1997இல் அவருடைய நூறாவது பிறந்தநாளை நகரம் கொண்டாடியது. அவ்விழாவில் அவர் வியன்னா நகரத் தலைவரோடு நடனம் ஆடினார். 2000 சனவரி 18ஆம் நாள், 103ஆம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள்கள் முன்னதாக, வியன்னாவில் மறைந்தார்.

அவர் வரைந்த அடுக்களை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது. வியன்னாவிலுள்ள அருங்காட்சியகம் ஒன்றில் அவர் மேற்பார்வையில் மறுபடி செய்யப்பட்ட ஒன்று உள்ளது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், பிராங்க்பர்ட் வீடொன்றிலிருந்து பெயர்த்த அடுக்களையை 2010இல் காட்சிக்கு வைத்தது. நிலையான புகழ்தான், ஆனால் அப்புகழே அவருக்குச் சலிப்பையும் தந்தது. பள்ளிகள் கட்டியதையும் சிறை சென்றதையும் விட்டுவிட்டு, வருவோரெல்லாம் அடுக்களையைப் பற்றியே கேட்கிறார்களே என்று முதுமையில் அவர் வருந்தியதுண்டு.

நண்பர்களே! அவருடைய வருத்தத்தில் நியாயம் உண்டு. நானும் பாதிக் கட்டுரையை அடுக்களைக்கே கொடுத்திருக்கிறேன். எனினும் அடுக்களையையும் சிறையையும் இரு வேறு கதைகளாக என்னால் பிரிக்க முடியவில்லை. எவருடைய களைப்பும் அளக்கத் தகாத அளவுக்குச் சிறியதன்று என்று எண்ணியவர், எவருடைய அடிமைத்தனத்தையும் பார்த்துக்கொண்டு இஸ்தான்புல்லில் அமைதியாக இருந்திருக்க முடியாது. நாளை நம்மில் சிலர் ஆய்வாளர் ஆவோம். சிலர் ஆசிரியர் ஆவோம். சிலர் அலுவலர் ஆவோம். எல்லாருமே ஒரு வீட்டில் வாழ்வோம். ஓடு வாங்கவும் வண்ணம் தேரவும் கடைக்குப் போகும் நாள் நமக்கும் வரும். அன்று பளபளப்பைப் பார்க்குமுன், அங்கு நின்று உழைக்கப் போகிறவர் யார், அவர் எவ்வளவு உயரம் என்ற இரண்டு கேள்விகளையேனும் கேட்போம். அந்த உழைப்பில் நம் பங்கு எவ்வளவு என்பது மூன்றாவது கேள்வி. அதற்கு விடை கடையில் கிடைக்காது. நாம்தான் சொல்ல வேண்டும்.